இழுப்பதும் விடுவதும்

உலாவியின் தலைப்பகுதியில் வரிசையாக நிற்கும் டேப்களுக்குத் தமிழில் இன்னும் ஒரே பெயர் நிலைக்கவில்லை. சிலர் தாவல் என்கிறார்கள். சிலர் கீற்று என்கிறார்கள். முதற்சொல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நாம் தாவுவதைக் குறிக்கிறது. இரண்டாவது, அவற்றின் வடிவத்தை. அவற்றைப் பிடித்து இழுத்து இடம் மாற்றுகிறோம் என்பதை இரண்டுமே சொல்வதில்லை. ஆனால் ஒரு மென்பொருள் தன்னைப் பயன்படுத்துபவரை எவ்வளவு மதிக்கிறது என்பதை அறிய அந்தச் சிறு செயலே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

தாவல்கள் 1990களிலேயே சில உலாவிகளில் தலைகாட்டின. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் அவற்றை ஏற்றுக்கொள்ள 2006 ஆயிற்று. தாவலைப் பிய்த்தெடுத்துத் தனிச் சாளரமாக்கும் வசதி 2007இல் சஃபாரியின் மூன்றாம் பதிப்பில் வந்தது. 2008 செப்டம்பரில் வெளியான குரோம் அதைப் பரவலாக்கியது. பக்கத்தை இயக்கும் பகுதி சாளரத்திலிருந்து பிரித்து அமைக்கப்பட்டிருந்ததால், பாதி நிரப்பிய படிவம்கூடக் கலையாமல் தாவலோடு இடம்பெயர்ந்தது.

இருபது தாவல்களைத் திறந்து வைத்திருப்பவரைச் சோம்பேறி என்று கேலி செய்வது எளிது. ஆனால் அந்த வரிசை அவருடைய சிந்தனையின் வரிசை. மூலநூல் இடப்பக்கம், அகராதி அதை அடுத்து, எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரை கடைசியில் என்று அவர் அடுக்கியிருக்கக்கூடும். ஒரு தாவலை நகர்த்துவது, ஒரு சிந்தனையை இன்னொன்றின் அருகில் வைப்பதுதான். அது கைதவறி எங்கோ விழுந்தால், குலைவது திரை மட்டுமல்ல.

கைதவறுவதும் அரிதன்று. பொத்தானை அழுத்தும் விரல் சற்றே நகர்ந்தாலும், அது சொடுக்கா இழுப்பா என்று கணினி தீர்மானித்தாக வேண்டும். விண்டோஸில் இதற்கான இயல்பு எல்லை 4 படப்புள்ளிகள் மட்டுமே. நடுங்கும் கைக்கு அது மிகக் குறுகியது. மெக்கென்சி, செல்லன், பக்ஸ்டன் ஆகிய மூவர் 1991இல் வெளியிட்ட ஆய்வு, சுட்டுவதைவிட இழுப்பது மெதுவானது, பிழை மிகுந்தது என்று காட்டியது. அழுத்தம் தளராமல் குறியும் தவறாமல் கை செல்ல வேண்டியிருப்பதே காரணம்.

எனவே இழுத்துவிடும் வசதியைத் தருபவர்களுக்கு மூன்று கடமைகள் உண்டு என்பேன். விடுவதற்கு முன்பே, தாவல் எங்கே விழப்போகிறது என்பதைக் காட்ட வேண்டும். பாதி வழியில் மனம் மாறினால், எஸ்கேப் விசையை அழுத்தியதும் அது பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். இழுக்க இயலாதவர்க்கு வேறு வழி இருக்க வேண்டும். குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் கன்ட்ரோல், ஷிப்ட், பேஜ்டவுன் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் தாவல் நகரும். ஆனால் அந்த வழி இருப்பதைத் திரையில் எதுவும் தெரிவிப்பதில்லை. ஒளித்து வைத்த கதவைக் கதவென்று எப்படிச் சொல்வது?

2023 அக்டோபரில் வெளியான இணைய அணுகல் நெறிகளின் 2.2 பதிப்பு, இழுத்துச் செய்யும் எதையும், இழுத்தல் இன்றியமையாததாக இருந்தாலன்றி, இழுக்காமலும் செய்ய முடிய வேண்டும் என்கிறது. அது இணைய உள்ளடக்கத்துக்கான விதி. உலாவியின் சொந்தத் தாவல்களைக் கட்டுப்படுத்தாது. அதன் நியாயம் மட்டும் இரண்டுக்கும் பொதுவானதே.

இவ்வளவு சிக்கலுக்கு இழுத்தலையே நீக்கிவிடலாமே என்று நிரலாளர்கள் கேட்கக்கூடும். அவர்களுடைய சிரமமும் உண்மையானது. லினக்ஸின் வேலண்ட் முறையில், திரையில் தன் சாளரம் எங்கே இருக்கிறது என்பதே செயலிக்குத் தெரியாது. பிய்த்த தாவலைச் சுட்டியின் அடியில் நகர்த்தத் தனி ஏற்பாடு தேவைப்படுகிறது. ஆனால் நீக்குவது தீர்வன்று. 2021இல் வந்த விண்டோஸ் 11, கோப்புகளைப் பணிப்பட்டைக்கு இழுக்கும் வசதியைக் கைவிட்டது. பயனர்களின் முணுமுணுப்புக்குப் பின் 2022இல் அதைத் திருப்பித் தர நேர்ந்தது. பழகிய கை தன் வழியை எளிதில் மறப்பதில்லை.

இழுக்க விரும்புபவர் இழுக்கட்டும். இயலாதவர் வேறு வழியில் நகர்த்தட்டும். இருவருக்கும் தம் செயலைத் திரும்பப் பெறும் உரிமை இருக்க வேண்டும். அதை மறுக்கும் வசதியை வசதி என்று அழைக்க எனக்கு ஒப்பவில்லை.