லேபிள் ஒட்டாத பாட்டில்கள்

போன வாரம் எங்கள் ஆய்வகத்தில் ஒரு பையன் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு கிளம்பினான். கேக் வெட்டினோம், கை குலுக்கினோம், ஆச்சு. திங்கட்கிழமை அவனுடைய ஃபியூம் ஹூட்டைத் திறந்தால் உள்ளே பதினோரு பாட்டில்கள். பத்தில் லேபிளே இல்லை. ஒன்றில் மட்டும் 'வேஸ்ட்' என்று எழுதியிருந்தான், புண்ணியவான்!

கொட்டிவிட வேண்டியதுதானே என்று கேட்காதீர்கள். நைட்ரிக் அமிலக் கழிவில் கொஞ்சம் எத்தனாலோ அசிட்டோனோ சேர்த்து இறுக மூடிவிட்டால், உள்ளே வாயு சேர்ந்து சேர்ந்து, சில சமயம் ஆள் வீட்டுக்குப் போன பிறகு பாட்டில் வெடிக்கும். ப்ளீச்சோடு அமிலம் சேர்ந்தால் குளோரின். சோடியம் அசைடைத் தொட்டியில் ஊற்றினால் செம்பு, ஈயக் குழாய்களில் வெடிக்கக்கூடிய உப்பாகப் படிந்து, என்றோ வரப்போகும் பிளம்பருக்காகக் காத்திருக்கும்.

கதிரியக்கம் சேர்ந்தால் இன்னும் வேடிக்கை. பாஸ்பரஸ்-32க்கு அரை ஆயுள் 14 நாள்தான். பத்து அரை ஆயுள், அதாவது ஐந்து மாதம் பூட்டி வைத்தால் கதிர்வீச்சு ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். பிறகு ரசாயனக் கழிவாக மட்டும் பார்த்துக்கொள்ளலாம். அதே குப்பியில் யாராவது ட்ரிடியத்தைக் கலந்துவிட்டால்? அதன் அரை ஆயுள் 12 வருஷம். ஐந்து மாதக் கணக்கு 120 வருஷக் கணக்காகிவிடும். ஒரு நொடிச் சோம்பேறித்தனம்!

நான் மட்டும் யோக்கியமா? நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறி தம்பானூரில் இறங்கி, படிக்கப் போன காலம் அது. கல்லூரிப் பெயர் வேண்டாம். எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி, சிங்க்கில் ஊற்று, குழாயைத் திற. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

2024 ஜூலை 13 அன்று அதே தம்பானூர் ரயில் நிலையத்தின் தண்டவாளங்களுக்கு அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் தோட்டில் குப்பை அள்ள இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி, மழை வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். இரண்டு நாள் கழித்து உடல் கிடைத்தது. ரயில்வேயும் மாநகராட்சியும் பொறுப்பு யாருடையது என்று மாறி மாறிக் கை காட்டின. அது ஊர்க் குப்பை, ஆய்வகக் கழிவு இல்லைதான். ஆனால் போட்டவர் ஒருவர், இறங்கியவர் வேறொருவர். இங்கே உட்கார்ந்து செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த சிங்க்தான் ஞாபகம் வந்தது.

அதே வருஷம் டிசம்பரில் திருவனந்தபுரத்து மருத்துவக் கழிவு நம்ம திருநெல்வேலிப் பக்கம் நடுக்கல்லூர், கோடகநல்லூரில் கொட்டப்பட்டது. பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு கேரளம் லாரி அனுப்பி அள்ளிப் போனது. எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிக் கொடுத்தது குப்பைக்குள் கிடந்த நோயாளிகளின் காகிதங்கள். பையில் ஒட்டியிருக்க வேண்டிய லேபிள், தற்செயலாகக் கிடைத்தது!

இதைவிடக் கொடுமை 2010-ல். டெல்லி பல்கலைக்கழக வேதியியல் துறை, 1985-லிருந்து சும்மா கிடந்த காமா கதிர்க் கருவி ஒன்றைப் பழைய இரும்பாக ஏலம் விட்டது. உள்ளே கோபால்ட்-60. மாயாபுரி காயலான் கடையில் பிரித்தார்கள். பலர் ஆஸ்பத்திரியில், ஒருவர் ஏப்ரலில் இறந்தே போனார். துறையில் படித்தவர்களுக்கா பஞ்சம்?

என் கட்சி இதுதான். மஞ்சள் பை, சிவப்புப் பை, சட்டம், ஒப்பந்தக்காரர் எல்லாம் வேண்டியதுதான். ஆனால் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தவன் உலகத்தில் ஒருத்தன்தான், அதை நிரப்பியவன். அவன் ஊரை விட்டுப் போனால் அந்த அறிவும் போச்சு. நம் ஊரில் படிப்பு முடிக்க 'நோ ட்யூஸ்' படிவம் உண்டே? நூலகப் புத்தகம் ஒன்று பாக்கி என்றாலும் சான்றிதழ் கிடைக்காது. அதில் இன்னொரு வரி சேர்க்கட்டும்: 'என் பாட்டில்கள் அனைத்தும் லேபிளோடு ஒப்படைக்கப்பட்டன.' கையெழுத்து இல்லையா, பட்டமும் இல்லை. பேராசிரியரின் பழைய கருவிகளுக்கும், ஓய்வு பெறும் அன்று இதே வரி.

செலவு? ஒரு மார்க்கர் பேனா.

பதினோரு பாட்டில்களையும் சோதித்து முடிக்க எனக்கு நாலு நாள் ஆச்சு. பையன் நல்லவன்தான், ஃபோனில் மன்னிப்புக் கேட்டான். என்னிடம் கேட்டுவிட்டான். நான் யாரிடம் போய்க் கேட்பது?