விதியல்ல, விலை!

துரோகத்தைக் கண்டிக்க வாய் திறந்தால் போதும், உடனே ஒரு குரல் குறுக்கிடும்: "பாவம்! சூழ்நிலை அப்படி. விதி அவனை ஆட்டி வைத்தது." வறுமைக்கும் விதி, விதவையின் கண்ணீருக்கும் விதி என்று சொன்னவர்களைக் கேள்வி கேட்டே வளர்ந்தவர்கள் நாம். கலையுலகின் காட்டிக் கொடுத்தலுக்கும் அதே விதியைத் துணைக்கழைப்போரை மட்டும் விட்டுவிடுவோமா?

அமெரிக்கப் படத்தொழிலின் உட்புறத்தைக் காட்ட, அந்நாட்டிலேயே எடுக்கப்பட்ட படம் ஒன்றுண்டு. ‘தி பிக் நைப்’ என்பது அதன் பெயர். பெருங்கத்தி என்பது பொருள். கிளிபோர்ட் ஓடெட்ஸ் எழுதி 1949-ஆம் ஆண்டு மேடையேறிய நாடகத்தை, 1955-ஆம் ஆண்டு இராபர்ட் ஆல்ட்ரிச் படமாக்கினார். ஐந்து இலட்சம் டாலருக்கும் குறைந்த செலவு. மாளிகைகள் இல்லை, மயக்கும் ஆட்டங்கள் இல்லை; பெரும்பகுதி ஒரு வீட்டுக் கூடத்திலேயே நடக்கிறது. ஆயினும் நெஞ்சை உலுக்கும் படம். வெனிஸ் விழாவில் வெள்ளிச் சிங்கப் பரிசு பெற்ற படம்.

கதை இதுதான். சார்லி காசில் புகழ்பெற்ற நடிகன். குடிவெறியில் கார் ஓட்டி, குழந்தை ஒன்றின் உயிரைப் பறித்தவன். பழியைச் சுமந்து சிறை சென்றவனோ, அவனுடைய நண்பனான விளம்பர அலுவலன்! அந்த இரகசியத்தைக் கையில் வைத்துக்கொண்டு, புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடு என்று வற்புறுத்துகிறான் படமுதலாளி ஹாப். கொஞ்சுகிறான், கண்ணீர் வடிக்கிறான், சீறுகிறான். நடிகன் பணிகிறான். பின்னர், உண்மை அறிந்த சிறு நடிகை ஒருத்தியைத் தீர்த்துக்கட்டவும் யோசனை பிறக்கிறது. அதற்கு மட்டும் உடன்பட மறுத்து, நடிகன் தன்னைத்தானே மாய்த்துக் கொள்கிறான்.

"வலையில் சிக்கிய மான்! விதி வென்றது!" என்று உருகுவோர் உண்டு. நாம் கேட்கிறோம்: காரை ஓட்டியது விதியா? நண்பன் சிறைக்குச் சென்றபோது வாய்மூடி இருந்தது விதியா? ஒப்பந்தத் தாளில் ஓடியது விதியின் பேனாவா? ஒவ்வொரு துரோகத்திற்கும் ஒரு விலை பேசப்பட்டது. விலை கொடுத்தவன் உண்டு, வாங்கியவன் உண்டு. கணக்குத் தெளிவாக இருக்கும் இடத்தில் கடவுளுக்கும் விதிக்கும் என்ன வேலை?

படத்தைக் காட்டிலும் பெரிய பாடம், அதை எழுதியவரின் வாழ்விலே இருக்கிறது.

ஓடெட்ஸ் யார்? 1935-ஆம் ஆண்டு, வாடகைக் கார் ஓட்டுநர்களின் வேலைநிறுத்தத்தை நாடகமாக்கி, தொழிலாளரைத் துள்ளி எழச் செய்தவர். அந்நாடகத்திலே முதலாளியின் ஒற்றன் ஒருவன் வருகிறான். அவனுடைய உடன்பிறந்தவனே அவன் முகத்திரையைக் கிழிக்கிறான்! அத்தகைய பேனாவுக்கு உரியவர், 1952-ஆம் ஆண்டு மே 19, 20 ஆகிய நாட்களில், அமெரிக்க விரோத நடவடிக்கைகளை விசாரிக்கும் குழுவின் முன் நின்று, பழைய தோழர்களின் பெயர்களை எடுத்துரைத்தார். சில மாதங்களுக்கு முன் மறைந்த நடிகர் பிராம்பர்க்கின் நினைவுக் கூட்டத்தில் புகழுரை ஆற்றியவர், அந்தப் பிராம்பர்க்கின் பெயரையும் சேர்த்தே சொன்னார். குழுவினரிடம் சூடாகப் பேசினார் என்று வாதாடுவோர் உண்டு. பேசட்டும்! பெயரைக் கொடுத்தபின் சூடு எதற்கு?

அந்த நாடகம் முதலில் மேடையேறியபோது சார்லி காசிலாக நடித்தவர் ஜான் கார்பீல்டு. அவரும் 1951-ஆம் ஆண்டு அதே குழுவின் முன் நிறுத்தப்பட்டார். ஒரு தோழரின் பெயரையும் அவர் தரவில்லை. ஸ்டூடியோக் கதவுகள் மூடப்பட்டன. முன்பே நோயுற்ற இதயம். அதன்மேல் வேலையின்மை, வேட்டை. 1952 மே 21 அன்று, 39-ஆம் வயதில் மாண்டார். ஆசிரியர் சாட்சியம் முடித்த மறுநாள்!

பிள்ளைகுட்டி உள்ளவர் என்ன செய்வார் என்கிறீர்களா? கார்பீல்டுக்கும் மனைவி இருந்தார். இரு மக்கள் இருந்தனர். அதே நாடு, அதே காலம், அதே குழு, அதே அச்சம். ஒருவர் சொன்னார், ஒருவர் மறுத்தார். சூழ்நிலையே அனைத்தும் என்றால் இந்த வேறுபாடு எங்கிருந்து முளைத்தது?

எனினும் ஓடெட்சை மட்டும் ஏசிவிட்டு எழுந்து போவது அறிவுடைமை ஆகாது. துரோகத்திற்குச் சந்தை அமைத்தவர் யார்? 1947 நவம்பரில் நியூயார்க்கின் வால்டார்ப் விடுதியில் கூடிய படமுதலாளிகள்! குழுவுக்குப் பதிலளிக்க மறுத்த பதின்மருக்கு வேலையில்லை, பொதுவுடைமையாளருக்கு இடமில்லை என்று தீர்மானித்தனர். கறுப்புப் பட்டியல் கிளம்பியது. காட்டிக் கொடுத்தவனுக்குச் சோறு, காக்க முனைந்தவனுக்குப் பட்டினி. அதே முதலாளிகள், பட்டியலில் இருந்த எழுத்தாளரின் கதைகளைப் புனைபெயரில், குறைந்த விலைக்கு வாங்கிக் கொள்ளவும் கூசவில்லை. பதின்மருள் ஒருவரான டால்டன் டிரம்போ, வேறொரு பெயரில் எழுதிய கதைக்கு 1957-ஆம் ஆண்டு ஆஸ்கார் பரிசே கிடைத்தது! நாட்டுப்பற்றாம்! கொள்கையாம்! அத்தனையும் கல்லாப்பெட்டியின் வேடம்.

இறுதியில் நடந்தது என்ன? 1960-ஆம் ஆண்டு, ‘ஸ்பார்டகஸ்’, ‘எக்சோடஸ்’ எனும் இரு படங்களில் டிரம்போவின் சொந்தப் பெயரே திரையில் ஒளிர்ந்தது. பட்டியல் உடையத் தொடங்கியது. விதியாக இருந்தால் உடைந்திருக்குமா? மனிதர் கூடி எழுதியது. மனிதர் துணிந்தபோது கிழிந்தது.

இளைஞர்களே! இத்தகைய படத்தைக் காணுங்கள். கண்டு உருகுவதோடு நின்றுவிடாதீர்கள். இலாபம் பெற்றவன் யார், விலைபோனவன் யார், விலைபோக மறுத்தவன் யார் என்று கேளுங்கள். மூன்றாம் கேள்வியை மறந்துவிடாதீர்கள். மறுத்தவன் ஒருவன் இருக்கும்வரை, "வேறு வழியில்லை" என்பது பொய்!