புயலும் குறிப்பேடும்

ஐப்பசியும் கார்த்திகையும் வந்துவிட்டால், கீழ்க்கடற்கரையில் வாழும் நமக்குப் புயலைப் பற்றிய பேச்சுப் புதிதன்று. துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றப்பட்டதென்று கேட்போம். கல்லூரிக்கு விடுமுறை உண்டா என்றும் கேட்போம். மழை ஓய்ந்ததும் இரண்டையும் மறந்துவிடுவோம். அவ்வெண் எங்ஙனம் பிறந்தது, அதன்பொருட்டுக் கடல் நடுவே கண்விழித்தவர் யாவர் என்று எண்ணிப் பார்ப்போர் நம்முள் மிகச் சிலரே. விண்ணினின்று படம் பிடிக்கும் செயற்கைக்கோள் உள்ள இக்காலத்தில் மாலுமியின் குறிப்பேடும் கரையோரத்துப் பாரமானியும் எதற்கு என்று வினவுவாரும் உளர். அவ்வினாவிற்கு விடை கூறுதலும், அவ்விடையினின்று நமக்கு எழும் கடமையை எடுத்துக்காட்டுதலுமே யாம் ஈண்டுக் கருதியன.

புயலின் இயல்பை ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் நமது வங்கக் கடலோடு தொடர்புடையவர். ஹென்றி பிடிங்டன் என்னும் அப்பெரியார் முன்பு கப்பலோட்டியாய் இருந்து, பின்பு கல்கத்தாவில் தங்கியவர். புயலில் அகப்பட்டு மீண்ட கப்பல்களின் குறிப்பேடுகளை அவர் திரட்டினார்; எந்நேரத்தில் எத்திசைக் காற்று வீசிற்று, பாரமானியில் இரசம் எவ்வளவு இறங்கிற்று என்பவற்றை ஒப்பிட்டு, 1839 முதல் தம் ஆராய்ச்சிகளை வெளியிட்டு வந்தார். ‘சைக்கிளோன்’ என்னும் பெயரைப் படைத்தவரும் அவரே. 1848-இல் மாலுமிகளுக்கென அவர் எழுதிய நூலுடன், ஒளி ஊடுருவும் கொம்புத் தகடுகளில் காற்றின் சுழற்சியை வரைந்து சேர்த்தளித்தார். தகட்டைக் கடற்படத்தின்மேல் வைத்த மீகாமன், புயலின் நடுவிடம் எப்பக்கம் உள்ளதென்று தானே கண்டு விலகலாம்.

1857-இல் ஹாலந்து தேசத்து அறிஞர் பைஸ் பாலட் இவ்வுண்மையை யாவர்க்கும் எளிதாக்கினார். நிலநடுக்கோட்டிற்கு வடக்கே உள்ள ஒருவன் காற்றுக்கு முதுகு காட்டி நிற்பானாயின், தாழ்ந்த அழுத்தம் அவனது இடப்பக்கமே இருக்கும். ஒரு கப்பலினின்று கிட்டுவது ஒரு திசை மட்டுமே. மற்றொரு கப்பலோ கரையோர நிலையமோ வேறோரிடத்தினின்று தன் காற்றை அறிவிக்குமாயின், இரு திசைகளும் வெட்டும் இடத்தில் புயலின் நடுவிடத்தை ஏறக்குறையக் குறித்துவிடலாம். சில மணி நேரத்திற்கொருமுறை இங்ஙனம் குறித்துக்கொண்டே செல்வோமாயின், அது செல்லும் வழியும் விரைவும் விளங்கும். ஒருவன் தனியே காணவியலாததைப் பலர் சேர்ந்து காண்கின்றனர்.

பாரமானியும் ஒரு நுட்பமான சான்று கூறும். நமது வெப்ப நாட்டில் காற்றின் அழுத்தம் நாடோறும் காலை பத்து மணியளவில் உயர்ந்து, மாலை நான்கு மணியளவில் தாழ்ந்து, இரவிலும் அவ்வாறே ஏறி இறங்கும். காலையில் உயரவேண்டிய அழுத்தம் உயராது தாழ்ந்துகொண்டே செல்லுமாயின், வானம் தெளிந்திருப்பினும் மாலுமி விழித்துக்கொள்வான். ஆயின் ஒவ்வொரு நாளின் இயல்பான ஏற்றத்தாழ்வையும் குறித்து வைத்தவனுக்கே இவ்வேறுபாடு புலப்படும். அபாய நாளில் மட்டும் கருவியைப் பார்ப்பவனுக்கு அது வெறும் எண்ணேயாம்.

1864-ஆம் ஆண்டு அக்டோபரில் கல்கத்தாவைத் தாக்கிய புயலாலும் கடற்பெருக்காலும் பல்லாயிரவர் மாண்டனர். அத்துயரின் பின்னரே, 1865-இல் அத்துறைமுகத்தில் புயலெச்சரிக்கை முறை ஏற்பட்டது. 1875-இல் இந்திய வானிலைத்துறை நிறுவப்பெற்றது. கம்பியில்லாத் தந்தி வந்தபின், கரை சேரும்வரை பெட்டியில் உறங்கிய குறிப்புகள் கடல் நடுவினின்றே கரைக்கு எட்டலாயின.

இனி, முற்கூறிய வினாவிற்கு வருவோம். 1960-இல் முதல் வானிலைச் செயற்கைக்கோள் ஏவப்பட்டது முதல், நமக்குத் தெரியாமல் புயலொன்று கடலில் ஒளிந்திருத்தல் அரிதாயிற்று. இப்பேற்றை யாம் குறைத்துக் கூறோம். எனினும், செயற்கைக்கோள் பெரிதும் காண்பது மேகத்தின் முடியையே. கடல்மட்டத்தில் உள்ள அழுத்தத்தையும் காற்றையும் அது மேகத்தின் வடிவினின்றும் வெப்பநிலையினின்றும் மதிப்பிடுகிறது. அம்மதிப்பு மெய்யா என்று உரைத்துப் பார்க்கும் கல் கடலிலும் கரையிலும் உள்ள கருவியே. மேலும், எச்சரிக்கை சிறக்குந்தோறும் கப்பல்கள் புயலைவிட்டு விலகி ஓடுகின்றன. ஆதலின் வேண்டிய இடத்திலேயே குறிப்புகள் குறைகின்றன. அக்குறையை நிரப்பக் கடலில் நங்கூரமிட்ட மிதவைகளின் கருவிகளோ சேதமுறுவதும் களவு போவதும் உண்டு. ஒரு மிதவையைக் கெடுப்பவன் கலங்கரை விளக்கை அணைப்பவனை ஒப்பான்.

அறிவு கிடைத்தல் ஒன்று. அது உரியவரிடம் சேர்தலும், சேர்ந்தபின் மதிக்கப்படுதலும் வேறு. மாத்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் அமைத்தால் கடற்பெருக்கு அதனை வாரிக்கொள்ளும் என்று 1853-இல் பிடிங்டன் கவர்னர் ஜெனரலுக்கு எழுதினார். துறைமுகம் எழுந்தது, 1867-இல் புயலும் வந்து அதனைப் பாழாக்கிற்று. பவுல் அப்போஸ்தலனின் கடற்பயணத்தை நாம் அறிவோம். பயணம் கேடாய் முடியுமென்று அவர் எச்சரித்தார். நூற்றுக்கு அதிபதியோ மாலுமியையும் கப்பலுக்கு உடையவனையும் அதிகமாய் நம்பினான். இருநூற்றெழுபத்தாறு உயிரும் பிழைத்தன; கப்பல் பிழைக்கவில்லை.

நம் நாட்டிலும் சான்றுக்குப் பஞ்சமில்லை. 1964-ஆம் ஆண்டு டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்தபோது, பயணிகளோடு ஒரு ரயில் வண்டியே அலைக்கு இரையாயிற்று. 2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் குமரிக்கடலில் ‘ஒக்கி’ எழுந்தபோது, கரையில் எச்சரிக்கை இருந்தது. ஆயின் பல நாட்களுக்கு முன்னரே ஆழ்கடல் சென்றிருந்த மீனவரை அது எட்டவில்லை. வங்க மொழியில் ‘ஒக்கி’ என்பதன் பொருள் கண் என்பதாம். கரையிலுள்ளோர் கண்டனர், காணவேண்டியவரோ காணாது போயினர். துறைமுகக் கூண்டுகளில் இறுதியாகிய பதினோராம் எண் காற்றின் வேகத்தைக் குறிப்பதன்று; எச்சரிக்கை நிலையத்தோடு செய்தித்தொடர்பு அறுந்தது என்பதே அதன் பொருள். இதனை வகுத்தோர் அபாயத்தின் வேர் எதுவென நன்கறிந்தவரே.

ஆதலின் யாம் வேண்டுவன மூன்று. முதலாவது, கல்லூரியில் நாடோறும் காலை எட்டரை மணிக்கும் மாலை ஐந்தரை மணிக்கும் அழுத்தம், காற்று, மழை ஆகியவற்றை மாணவர் முறைவைத்துக் குறித்து வருதல் வேண்டும். விடுமுறை நாளிலும் அவ்வேடு வெறுமையாதல் கூடாது. இரண்டாவது, கடற்கரை ஊர்களினின்று வந்து பயில்வோர் தம் ஊரார்க்குக் கூண்டெண்களின் பொருளை விளக்குதல் வேண்டும்; அதனோடு கொண்டல், கச்சான், வாடை, சோழகம் என்று காற்றை இனம் பிரிக்கும் முதியோரிடம் தாமும் பாடங்கேட்டல் வேண்டும். மூன்றாவது, கப்பற்பணியில் உள்ள பழைய மாணவர், குறித்த வேளைதோறும் தாம் அனுப்பும் செய்தியை வெறும் சடங்கென்று எண்ணாதிருத்தல் வேண்டும்.

நள்ளிரவில் ஆடும் கப்பலில் நின்று, தான் என்றும் காணப்போகாத ஒரு மீனவனுக்காக எண்ணொன்றைப் பிழையின்றி எழுதுபவன், பிறனைத் தன்னைப்போல் நேசிப்பவனே ஆவான். அவ்வன்பு கற்றற்குரியது, கற்பிக்கும் இடம் கல்லூரியன்றி வேறெது?