வயிற்றுவலி சாக்கா, நோயா?

விடியற்காலைப் பெரட்டில் ஒரு பெண் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றால், "மாசா மாசம் இதே சாக்குதானா?" என்கிறார் மண்டோர். "எங்க காலத்துல நாங்க மரம் வெட்டலையா?" என்கிறார் மாமியார். இருவருக்கும் சொல்கிறோம்: அது நோயாகவும் இருக்கலாம்.

கருப்பையின் உட்சவ்வைப் போன்ற சதை, கருப்பைக்கு வெளியே வளர்ந்து ரணமாவதே எண்டோமெட்ரியோசிஸ். பிள்ளைபெறும் வயதுப் பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது உண்டு என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சிலருக்குக் கரு தங்குவதும் கஷ்டம். அதற்கு 'மலடி' என்ற பழி வேறு! அடியோடு தீர்க்க மருந்தில்லை. வலியை அடக்கச் சிகிச்சை உண்டு.

இந்தோனேசியாவில் 2003ஆம் ஆண்டுச் சட்டம், மாதவிலக்கு வலிக்கு முதல் இரண்டு நாள் ஓய்வு தருகிறது. நம் நாட்டில் 2023இல் அமலான திருத்தம் பிரசவ விடுப்பை 98 நாளாக்கியது; மாதவலியைத் தொடவில்லை. இருப்பது எம்.சி.தான். ஐந்தாண்டு உழைத்தவருக்கும் வருஷத்துக்கு 22 நாள். மாதம் இரண்டு நாள் படுத்தால் 24! கணக்கு உதைக்குதே? காய்ச்சலுக்கு எங்கே போவாள்?

சங்கத் தலைவர்கள் இதைப் பேச வேண்டும். சகோதரிகளே, வலி வரும் நாட்களைக் காலண்டரில் குறித்து, அரசாங்கக் கிளினிக்கில் கூசாமல் காட்டுங்கள். பொறுத்தது போதும்!