விலை காதில் விழட்டும்

கொழும்பு, கொட்டாஞ்சேனைப் புடவைக் கடைகளும் முகநூல் நேரலையில் விற்கத் தொடங்கிவிட்டன. நல்லதுதான். ஆனால் சாறியை விரித்துக் காட்டும் பிள்ளை "மூவாயிரத்து..." என்று தொடங்கும்போதே பின்னணியில் சினிமாப் பாட்டின் தவில் எழும்பி மிச்சத்தை விழுங்கிவிடுகிறது. இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்த நகரம் இது. அறிவிப்பாளர் வாய் திறந்தால் இசை தணியும். உலக இணைய அணுகல் வழிகாட்டியும் (WCAG), முன்பதிவு செய்த ஒலியில் பின்னணி ஒலி பேச்சைவிடக் குறைந்தது 20 டெசிபல் தாழ்ந்திருப்பதே சிறப்பு என்கிறது. அதோடு, பாட்டு யாருடைய சொத்து? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கடைக்கும் பொருந்தும். அனுமதியில்லாத பாட்டென்றால் முகநூலே காணொளியை ஊமையாக்கிவிடக்கூடும். முதலாளிமாரே, நேரலையில் பாட்டை நிறுத்துங்கள். அந்தப் பிள்ளை விலையைச் சொல்லி முடிக்கட்டும்.