சுவருக்குள் சிக்கிய நடுகல்: மீட்பது எப்போது?

செங்கம் வட்டாரத்தில் எங்கள் ஊர் எல்லையிலுள்ள சாலையோரத் தடுப்புச் சுவரில், மாண்ட வீரனுக்காக நட்ட பழைய நடுகல் ஒன்று பதிந்திருக்கிறது. வலக்கையில் வாளும் இடக்கையில் வில்லும் ஏந்திய வீரன், காலடியில் மாடுகள், தலைக்கு மேல் தேய்ந்த எழுத்து வரிகள். சுவர் எழுப்பியபோது கல்லோடு கல்லாக இதையும் வைத்துப் பூசிவிட்டார்கள். ஒரு தலைமுறை கடந்தும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல யாரும் வரவில்லை.

பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத்தார் போடுவதால், ஒவ்வொரு முறையும் சாலை உயர்கிறது, கல் தாழ்கிறது. மாடுகளின் உருவம் பாதி மண்ணுக்குள் போய்விட்டது. மழைக்காலத்தில் சாக்கடை நீர் எழுத்துகள் வரை ஏறுகிறது. தேர்தல் வந்தால் சுண்ணாம்பும் சுவரொட்டியும் கல்லையும் சேர்த்தே மூடுகின்றன.

எங்களுக்கு இந்த வீரன் வேடியப்பன் என்னும் சாமி. பொங்கல் வைத்துப் படையலிட வரும் பெண்கள், லாரிகள் உரசிச் செல்லும் தார்ச்சாலையில் நின்றுதான் கும்பிட வேண்டியிருக்கிறது. எழுத்து புரியாததால் கல்லுக்கடியில் புதையல் இருப்பதாகக் கதை வேறு. அதை நம்பி இரவில் கடப்பாரையோடு வருகிறவர்களையும் நாங்களே விரட்ட வேண்டியுள்ளது.

இந்த வட்டாரத்து நடுகற்கள் சாதாரணமானவை அல்ல. கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை நடுகல் மரபைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாக வகுக்கிறது. பல்லவர் கால வட்டெழுத்துக் கற்கள் இங்கே பல கிடைத்துள்ளன. அவற்றுள் ஒன்றான எடுத்தனூர்க் கல்லில், மாண்ட வீரனுடன் நின்ற கோவிவன் என்ற நாய்க்கும் பெயர் பொறித்திருக்கிறார்கள். நாயின் பெயரைக்கூடக் காத்த மண்ணில், ஒரு வீரனின் பெயர் சாக்கடையில் ஊறுகிறது.

அதிகாரிகளிடம் மனு கொடுத்தோம், பார்வையிட்டார்கள், படம் எடுத்தார்கள். சாலைப் பணி முடியட்டும் என்றார்கள். பணி முடிந்ததும் நிதி வரட்டும் என்றார்கள். அதன்பின் பேச்சே இல்லை.

தொல்லியல் சின்னங்களைக் காக்கத் தமிழ்நாட்டில் 1966-லேயே சட்டம் வந்துவிட்டது. நாங்கள் கேட்பதும் பெரிய செலவில்லை. வல்லுநர் மேற்பார்வையில் கல்லைச் சேதமின்றிப் பெயர்த்து, எழுத்துகளை மையொற்றி மசிப்படி எடுத்துப் படிக்க வேண்டும். ஊர்ப் பொது இடத்தில் மேடையமைத்து நிறுத்தி, விளக்கப் பலகை வைக்க வேண்டும். இனி சாலை விரிவாக்கத்துக்கு முன், வழியிலுள்ள பழங்கற்களைக் கணக்கெடுப்பதும் கட்டாயமாக வேண்டும். அடுத்த தார் விழுவதற்குள் அதிகாரிகள் இதைச் செய்து முடிக்க வேண்டும்.