சம்பளம் வாங்கினாலும் இலவச வக்கீல் உண்டு

அம்பத்தூர்க்காரர்களின் நிலைமை கொஞ்சம் வேடிக்கையானது. வீட்டு வரி சென்னை மாநகராட்சிக்கு. வருவாய்த் துறைக் கணக்கில் 2018 முதல் சென்னை மாவட்டம். போலீஸ் என்றால் 2022-ல் வந்த ஆவடி கமிஷனரகம். பக்கத்திலிருக்கும் ஆவடியும் பூந்தமல்லியும் இன்னமும் திருவள்ளூர் மாவட்டம்தான். வம்பு வழக்கு என்று வந்தால் எந்த வாசலில் போய் நிற்பது என்று தெரிவதற்குள் பாதி உயிர் போய்விடும். அந்தக் குழப்பத்தை வைத்தே கோர்ட் வாசலில் சிலருக்குப் பிழைப்பு ஓடுகிறது. "நம்ம வக்கீல்தான், முதல்ல ஒரு ஐயாயிரம் கொடுத்துடுங்க" என்று ஆரம்பிப்பார்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெண், அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. கணவர் பிரிந்து போய்விட்டார், பிள்ளைகள் செலவுக்கு ஒரு பைசா தருவதில்லை. ஜீவனாம்சக் கேஸ் போட, கம்மலை அடகு வைக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். இலவச சட்ட உதவி கேட்டுப் பாரும்மா என்றேன். "நான்தான் மாசச் சம்பளம் வாங்கறேனே சார், எனக்கெல்லாம் தருவாங்களா?"

தருவார்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பெண் என்றால் வருமானத்தையே பார்ப்பதில்லை. குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இதே சலுகைதான். அந்த வரிசையில் தொழிற்சாலைத் தொழிலாளியும் உண்டு; எஸ்டேட்டில் பலருக்கு இது தெரியாது. இவற்றில் எதிலும் வராதவருக்குத்தான் ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் என்ற வரம்பு. அதற்கும் பொதுவாக ஒரு அஃபிடவிட் போதும். வழக்கில் ஓரளவு நியாயம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். வக்கீல் ஃபீஸ் மட்டுமில்லை, கோர்ட் ஃபீஸ், டைப்பிங், நகல் செலவு வரை இதில் அடக்கம்.

அம்பத்தூர், பூந்தமல்லி நீதிமன்றங்களில் வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கிறது. திருவள்ளூர் மாவட்ட நீதிமன்றத்தில் மாவட்ட ஆணைக்குழு. எது நம்முடையது என்று புரியாவிட்டால் 15100-க்கு போன் போட்டுக் கேட்கலாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தாலே மனு. எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொன்னாலும் எழுதிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு அந்தப் பெண் கேட்டதுதான் சரியான கேள்வி: "காசு வாங்காத வக்கீல் வாய்தாவுக்கு ஒழுங்கா வருவாரா?" எல்லோரும் வருவார்கள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். இந்த வக்கீல்களுக்கு அரசு தரும் தொகை சொற்பம். ஆனால் காசு வாங்கிக்கொண்டு வராதவரை நாம் என்ன செய்ய முடிகிறது? இங்கே கேட்பதற்கு ஒரு இடமாவது உண்டு. மாவட்ட ஆணைக்குழுவின் செயலாளரே ஒரு நீதிபதி. வக்கீல் சரியில்லை, வேறொருவரைக் கொடுங்கள் என்று அவரிடம் எழுதிக் கொடுக்கலாம். 'ஆட்டோ செலவு' என்று ஐந்நூறு கேட்டாலும் அங்கேயே புகார் செய்யலாம். கட்சிக்காரரிடம் இந்த வக்கீல் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது என்பதுதான் விதி.

கம்மல் காதிலேயே இருக்கிறது. மனு கொடுத்தாயிற்று, வக்கீலும் போட்டாயிற்று. கேஸ் எப்படிப் போகும் என்பது வேறு கதை.

வாடகை வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பக்கம் வீட்டைக் காலி செய்த பிறகு அட்வான்ஸைத் திரும்ப வாங்குவது ஒரு தனிப் போராட்டம். கேஸ் போடுவதற்கு முன்பே, இதே சட்டப்பணிகள் குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்துக்கு எடுத்துப் போகலாம், கோர்ட் ஃபீஸ் கிடையாது. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகும்; அவர் வர மறுத்தால் ஒன்றும் செய்ய முடியாது, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். வந்து சமரசமானால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் இல்லை. அதனால் கையெழுத்துப் போடும் முன், பணம் எந்தத் தேதிக்குள் வரும் என்பதை அதில் எழுதச் சொல்லுங்கள்.